ஒத்தைப்பூ மேடம்

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பிளாக்குக்கு ஒருவர் வீதம் இவரைக் காணலாம். பிள்ளைகள் வெளிநாடு போய், சாப்பாட்டு மேசையில் பாதி இடம் காலியானதும் உருவாகிறவர். இரண்டு சனிக்கிழமை 'டேபிள் ஸ்டைலிங்' வகுப்புக்குப் போய்வருவார். அதன்பின் அந்த வீட்டு ஊறுகாய் ஜாடியில் ஊறுகாய் இருக்காது.

இவரது பெரும்பாடு தெருமுனைப் பூக்கடையில்தான். நம்மூர்ப் பூ வியாபாரம் முழத்திலும் கிலோவிலும் நடப்பது. சாமந்தி, கோயம்பேட்டுக்குத் தலை மட்டுமாக மூட்டையில் வந்து இறங்கும். மேடத்துக்கோ பூ ஒன்று போதும், காம்பு ஒரு முழம் வேண்டும்.

"அவ்ளோ காம்பு வச்சிக்கிட்டு எப்படி மேடம் கட்டறது?"

"கட்ட வேணாம்மா, நிக்கணும்."

"பூ எதுக்கு மேடம் நிக்கணும்?"

பூக்காரம்மாவின் கேள்விக்குப் பதில் ஜப்பானில் இருக்கிறது. சோஃபு தெஷிகஹாரா 1927இல் தொடங்கிய சோகெட்சு என்ற இகெபானா பூ அலங்கார முறையில் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. ஜாடியின் அகலத்தையும் உயரத்தையும் கூட்டி, அதில் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் முதல் காம்பு. அதில் முக்கால் அளவு இரண்டாவது. அதிலும் முக்கால் மூன்றாவது. அடிப்படை அமைப்பில் சாய்வு முறையே 15, 45, 75 டிகிரி. மகன் பத்தாவது படித்தபோது வாங்கிய ஜியோமெட்ரி பாக்ஸ் பரணிலிருந்து இறங்கியது இப்படித்தான்.

காம்புக்குப் பஞ்சம் வந்தால் காலிமனை எருக்கு, நித்யகல்யாணி, பூத்துப்போன கொத்தமல்லி என்று எதுவும் மேசைக்கு ஏறும். மாமியார் முகம் சுளித்தால், கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை ஆஜராவார். 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கே பூ அலங்காரம் செய்த அந்த அம்மாள், லண்டன் பணக்காரர்களின் மேசையில் கீரை இலையையும் காட்டுச்செடியையும் துணிந்து வைத்தவர். "ராணி வீட்டுல வைக்கட்டும். நம்ம வீட்டுல எருக்கு பிள்ளையாருக்கு மட்டும்தான்" என்பார் மாமியார்.

மல்லிக்கும் சம்பங்கிக்கும் மேசையில் அனுமதி கிடையாது. வாசனை ரசத்தோடு மோதுமாம். உயரத்திலும் கறார்தான். முழங்கையை மேசையில் ஊன்றிக் கையை நிமிர்த்துவார். பூ அதைத் தாண்டினால் கத்தரி. எதிரில் இருப்பவர் முகம் மறையக் கூடாதல்லவா? கணவருக்கு இதில் சொல்லிக்கொள்ளும்படி லாபம் இல்லை. அவர் தேடுவது தயிர்க் கிண்ணத்தை.

ஆனால் ஒன்று, வேலையில் சுத்தம். தண்ணீருக்குள் மூழ்கும் இலையைக் கிள்ளிவிடுவார். அழுகினால் கிருமி சேர்ந்து காம்பை அடைத்துவிடும். ஜெர்பெராவுக்கு இரண்டு அங்குலத் தண்ணீர்தான். அதற்கு மேல் நனைந்தால் தண்டு கொழகொழத்துப் போகும்.

போன ஞாயிறு நாத்தனார் விருந்துக்கு வந்தார். மேசை நடுவே ஒற்றை மஞ்சள் ஜெர்பெரா, ஒசூர்ச் சரக்கு, பதினைந்து டிகிரியில் நிற்கிறது. "என்ன அண்ணி, பூவைப் போய்த் தண்ணியில வச்சிருக்கீங்க?" என்றபடியே கிள்ளித் தலையில் செருகிக்கொண்டார்.

மேடம் ஒரு நொடி மொட்டைக் காம்பைப் பார்த்தார். ஜாடியைக் கொஞ்சம் திருப்பினார்.

"நகருங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன். இதுக்குப் பேர்தான் மினிமல்."