புள்ளி போன செயலாளர

சில வீடுகளில் மின்விசிறியைக் குச்சியால் ஒரு தள்ளு தள்ளினால்தான் சுற்றும். ஸ்கூட்டரை இடப்பக்கம் சாய்த்து உதைத்தால்தான் கிளம்பும். நீங்களும் நானும் இதைப் பழுது என்போம். அந்த வீட்டுக்காரர், “அதுக்கு ஒரு பழக்கம் இருக்கு, சார்” என்பார். எங்கள் அடுக்ககச் செயலாளர் அந்த இனத்தில் மூத்தவர்.

போன மாதம் வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்: “நாளை மோட்டார ரிப்பேர. தண்ணீர வராது. பிடித்து வைக்கவும.” நெல்லூரிலிருந்து வந்து இரண்டாம் மாடியில் குடியிருக்கும் மாமி அதைப் படித்துவிட்டு, “இப்பத்தான் தமிழ் காதுக்கு இனிமையா இருக்கு” என்றார்.

விஷயம் என்னவென்று பார்க்கச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். அவர் அடிப்பது தமிழ்99, அதாவது 1999-இல் தமிழக அரசு ஏற்ற தட்டச்சு முறை. அதில் எஃப் கீதான் புள்ளி. ‘க’வை இரண்டு முறை தட்டினால் முன்னது தானே புள்ளி வைத்துக்கொள்ளும், ‘ந’வும் ‘த’வும் அடுத்தடுத்து வந்தாலும் அப்படித்தான். ஆகவே அக்காவுக்கும் பந்துக்கும் ஆபத்தில்லை. இப்படி இணை கிடைக்காத மெய்தான், முக்கியமாகச் சொல்லின் கடைசியில் நிற்பதுதான், அநாதை.

“எஃப் கீ வேலை செய்யலையா, சார்?”

“வேலை செய்யாம என்ன, கொஞ்சம் ஓய்வெடுக்குது.”

முக்கியமான கடிதங்களுக்கு மாற்று ஏற்பாடு வைத்திருக்கிறார். பதினெட்டு மெய்யையும் வரிசையாக அடித்த ஒரு கோப்பு. ‘ர்’ வேண்டுமா, அங்கே போய்க் காப்பி எடுத்து இங்கே வந்து ஒட்டுவார். பழைய அச்சகத்தில் கம்பாசிட்டர் அறை அறையாக ஈய எழுத்தைப் பொறுக்குவாரே, அதே நிதானம். நடுவில் பால்காரர் நம்பரை ஒருமுறை காப்பி செய்துவிட்டு மறந்ததில், வங்கி மேலாளருக்குப் போன கடிதத்தில் மூன்று இடத்தில் அந்த நம்பர் இருந்ததாம்.

“தொல்காப்பியரே மெய்க்குப் புள்ளி உண்டுன்னு சொல்லியிருக்காரே, சார்.”

“ஓலைச்சுவடியில எங்க தம்பி புள்ளி வெச்சாங்க? படிக்கலையா நாம?”

எனக்குக் கை ஊறியது. விண்டோஸ் கீயோடு கன்ட்ரோலையும் ஓ-வையும் சேர்த்து அழுத்தித் திரையிலேயே கீபோர்டை வரவழைத்தேன். அதில் எஃப்பைத் தொட்டதும் புள்ளி விழுந்தது. ஆக, மென்பொருளில் குற்றமில்லை. என் யூஎஸ்பி கீபோர்டைக் கொண்டுவந்து செருகினேன், அதிலும் விழுந்தது. மிச்சம் அந்த ஒரு கீதான். குனிந்து பார்த்தேன். எஃப்பைச் சுற்றி மஞ்சளாக ஒரு கரை. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். சந்தனம்.

“ஆயுத பூஜைக்கு வெச்சது. எஃப்புலயும் ஜேவுலயும் சின்னதா ஒரு மேடு இருக்கு பாருங்க, பொட்டு வைக்கறதுக்குன்னே பண்ணியிருக்கான்.”

பார்க்காமல் அடிப்பவரின் ஆள்காட்டி விரலுக்கு இடம் காட்டும் மேடு அது. ஜே பிழைத்துக்கொண்டது. எஃப்பில் சந்தனம் குழைவாக இருந்திருக்க வேண்டும். உள்ளே இறங்கிக் காய்ந்து, கீயைக் கீழே போக விடாமல் பிடித்துக்கொண்டது. ஷிஃப்டோடு அடித்தால் அதே கீதான் ஆய்த எழுத்து. ஆயுத பூஜையில் ஆய்தமும் போயிற்று.

கடையில் காட்டினாராம். ஒரு கீயை மட்டும் மாற்ற முடியாது, போர்டு முழுவதும் மாற்ற வேண்டும் என்றார்களாம். “ஒரு பல்லு வலிச்சா தாடையையே மாத்துவானா?” என்று எழுந்து வந்துவிட்டார்.

“மாத்த வேணாம் சார். அணைச்சுட்டு, கீயை மெல்ல நெம்பி, பஞ்சுல ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைச்சாப் போதும்.”

“சாமிக்கு வெச்ச பொட்டைச் சாராயத்தாலயா துடைக்கறது? அடுத்த ஆயுத பூஜைக்கு எப்படியும் கழுவித்தானே ஆகணும், அப்பப் பாத்துக்கலாம்.”

யூஎஸ்பி கீபோர்டையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவந்தேன். புதுசு கெட்டுவிடும் என்று பாலிதீன் உறைபோட்டு அலமாரியில் வைத்திருக்கிறார்.

நேற்று லிஃப்ட் நின்றுவிட்டது. “லிபட ஓடாது. அனைவரும படி ஏறவும.” காய்கறிப் பையோடு நெல்லூர் மாமி அதை ராகம் போட்டுப் பாடிக்கொண்டே இரண்டு மாடியும் ஏறினார்.