போகப்போகிற அண்ணை

டென்மார்க்கின் யூலாந்துப் பக்கம், ஹேர்னிங், பிறாண்ட, கிரின்ஸ்டெட், ஹோல்ஸ்டப்ரோ என்று தமிழர் குடியேறிய எந்த ஊருக்குப் போனாலும் இந்த அண்ணை அங்கே இருப்பார். ஆள் மாறலாம், கதை மாறாது. "பென்சன் எடுத்த அடுத்த கிழமை ஊரோடை போறன் தம்பி. இந்தக் குளிருக்குள்ளை ஆர் கிடந்து சாகிறது?"

இதை அவர் முதன்முதலாகச் சொன்னது 1987இல், இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தான நேரம். அப்போது அவருடைய அகதி விண்ணப்பத்துக்கே முடிவு வந்திருக்கவில்லை. இருக்கவே அனுமதி கிடைக்காத நாட்டிலிருந்து ஓய்வுபெற்றுத் திரும்புவது பற்றிப் பேசிய முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். பிறகு 2002 சமாதான காலத்தில் போய்க் காணி வாங்கினார். 2009க்குப் பிறகு அதில் வீடு கட்டினார். 2022இல் இலங்கை ரூபாய் விழுந்தடித்தபோது, நாடே பெற்றோல் வரிசையில் நிற்க, அண்ணையின் கணக்கு மட்டும் உச்சத்தில் நின்றது. முந்தைய வருசம் 32 ரூபாய் சொச்சமாக இருந்த குரோன் 50ஐத் தொட்டது. கவலைப்பட்டுக்கொண்டே சந்தோசப்பட அவருக்கு அப்போதுதான் பழக்கம் வந்தது.

கணக்கு எப்போதும் சூப்பர்மார்க்கெட் மலிவு விற்பனைத் தாளின் ஓரத்திலேயே நடக்கும். "அடிப்படைப் பென்சன் மாசம் ஏழாயிரம் குரோன் எண்டு வை. ஊரிலை இப்ப நாப்பத்தைஞ்சாலை பெருக்கு. மூண்டு லட்சத்துப் பதினையாயிரம்! அங்கை ஒரு வாத்தியாருக்குக்கூட இது இல்லை." வரியையும், அடிப்படைக்கு மேலே கிடைக்கும் மேலதிகத் தொகையைப் பொதுவாக ஐரோப்பாவுக்கு வெளியே கொண்டுபோக முடியாது என்பதையும் ஞாபகப்படுத்தினால் பேனையை மூடிவிடுவார். இந்தப் பெருக்கல் வியாதி அவரை எங்கும் நிம்மதியாக இருக்க விட்டதில்லை. ஹேர்னிங்கில் தலைமயிர் வெட்ட 300 குரோன் கேட்டால் கதிரையை விட்டு எழும்பிவிடுவார். "பதின்மூவாயிரத்தைஞ்நூறு! அந்தக் காசுக்கு யாழ்ப்பாணத்திலை ஒரு ஊருக்கே மொட்டை போடலாம்." வெட்டுவதற்கு அவருக்கு இருப்பது இரண்டு காதுக்கும் மேலே கொஞ்சம்.

அண்ணையின் பெரிய துயரம் பிறந்த திகதி. அவர் பிறந்தது 1959. ஆனால் 1985இல் அவரை அனுப்பிய ஏஜென்சிக்காரன், கைக்குக் கிடைத்த பாஸ்போர்ட்டுக்கு ஏற்றபடி வயதைக் குறைத்து, 1963 ஜனவரி 1 என்று போட்டுவிட்டான். அந்த நாளில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இளமை இலவசமாகக் கிடைத்தால் வேண்டாம் என்பவர் யார்? டென்மார்க் அந்தத் திகதியை எழுதிவைத்துக்கொண்டு நாற்பது வருசம் பொறுமையாகக் காத்திருந்தது. இங்கே 1962 டிசம்பர் 31 வரை பிறந்தவர்களுக்கு 67 வயதில் பென்சன். அடுத்த நாளிலிருந்து பிறந்தவர்களுக்கு 68. உண்மையான வயதுப்படி 2026இல் வீட்டில் இருக்கவேண்டிய மனிதர், 2031 ஜனவரி வரை காலை ஐந்து மணிக்கு எழும்பி, பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் வெள்ளைத் தொப்பியும் சப்பாத்து உறையும் போட்டுக்கொண்டு நிற்கப்போகிறார். சைவர். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, தலைமுழுகி, திருநீறு பூசித்தான் பிறாண்ட அபிராமி அம்மன் கோயில் வாசலை மிதிப்பார். அம்மனிடம் அவருக்கு ஒரே முறைப்பாடு: "ஒரு நாள் முந்திப் போட்டிருக்கக் கூடாதோ அந்தப் பாவி?"

இடையில் ஒரு நம்பிக்கை வந்தது. ஆர்ன யூல் என்ற பியர் ஆலைத் தொழிலாளியின் படத்தைப் போட்டு, இனி ஆர்னவின் முறை என்று சமூக ஜனநாயகக் கட்சி 2019 தேர்தலில் பிரசாரம் செய்தது. உடம்பு தேய வேலை செய்தவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வு என்ற சட்டமும் வந்து 2022இல் நடைமுறையானது. அண்ணை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். 61 வயதாகும்போது குறைந்தது 42 வருசம் வேலைச் சந்தையில் இருந்திருக்க வேண்டும். அண்ணைக்கு, டென்மார்க் சொல்லும் வயதுப்படி 61 ஆனது 2024இல். வந்தது 1985. மிஞ்சிப்போனால் 39. ஆர்னவுக்குக் கிடைத்தது அண்ணைக்குக் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் மிளகாய்த் தோட்டத்துக்குத் துலா மிதித்த வருசங்களை எண்ணுவதற்கு இந்த நாட்டில் படிவம் இல்லை.

அவரோடு ஒரே வரிசையில் கத்தி பிடித்த டேனிஷ்காரன் ஒருவன் இருந்தான். ஒரு நாள் கோப்பி நேரத்தில், தாய்லாந்தில் ஹுவாஹின் கடற்கரைக்குப் போய் இருக்கப்போகிறேன் என்றான். ஐம்பது வயது தாண்டியிருந்து வங்கியில் எட்டு இலட்சம் பாத் காட்டினால் ஓய்வு விசா கிடைக்கும். அந்த வருசமே காரை விற்றான், வீட்டை விற்றான், நாயைத் தங்கையிடம் கொடுத்தான், போய்விட்டான். இப்போது படம் அனுப்புகிறான்: அரைக் காற்சட்டை, இளநீர், சிவந்த தொப்பை. ஒரு மனிதன் ஒரு நாட்டைவிட்டு இப்படிச் சத்தமில்லாமல் போகலாம் என்பதையே அண்ணையால் நம்ப முடியவில்லை. "பிரியாவிடைக்கு ஒரு கேக்கோடை முடிச்சிட்டான் தம்பி."

அண்ணை போகாவிட்டாலும் அவருடைய வீடு ஊருக்குப் போய்விட்டது. மேல்மாடி, குளியலறையோடு சேர்ந்த மூன்று அறை, 33 பாகை வெயிலில் சுடுதண்ணீர் மெஷின். ஆறு கமராக்கள். தொழிற்சாலைக் கோப்பி அறையில், டேனிஷ்காரர் உதைபந்தாட்டம் பார்க்கும் நேரத்தில், அண்ணை கைபேசியில் தன் வளவைப் பார்ப்பார். ஒரு நாள் நானும் எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு வெள்ளாடு, கேற்றுக்குப் பக்கத்துச் செம்பரத்தையை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. அண்ணை உடனே வளவு பார்க்கும் பெடியனுக்கு அழைத்தார். கமராவில் பெடியன் ஓடிவந்தான், ஆட்டைப் பார்த்தான், கமராவைப் பார்த்தான், கமராவைப் பார்த்துக்கொண்டே, "ஆடு இல்லை அண்ணை" என்றான். ஆடு அவனுடையது. எண்ணாயிரம் கிலோமீற்றர் தூரத்திலிருந்து அண்ணை செம்பரத்தையின் கடைசி இலைவரை பார்த்துமுடித்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

குளிர்காலத்தில் பத்துக் கிழமை ஒத்திகைக்குப் போவார். ஆறு மாதத்துக்குக் கூடினால் குடிப்பதிவை வெட்டவேண்டும், மஞ்சள் மருத்துவ அட்டையும் கையைவிட்டுப் போய்விடும் என்ற பயம் வேறு. டேனிஷ்காரரைப்போல இவரும் வருசத்தைக் கிழமை இலக்கத்தில்தான் சொல்வார். "ரெண்டாம் கிழமை வந்து பன்ரெண்டாம் கிழமை திரும்புறன்" என்று தொலைபேசியில் சொல்ல, ஊரில் மச்சான், "நான் பஞ்சாங்கம் பாத்துச் சொல்லுறன்" என்பார்.

யாழ்ப்பாணத்தில் இறங்கிய மறுநாளே அண்ணை டேனிஷ்காரனாகிவிடுவார். ஆளில்லாத மஞ்சள் கடவையில் பச்சை விளக்கைத் தேடி நிற்பார். 6 மணி 13 நிமிட முகூர்த்தத்துக்கு ஆறு மணிக்குப் போய், நாதஸ்வரக்காரரோடு தனியே குந்தியிருப்பார். விடிய நாலரைக்கு ஒலிபெருக்கி பாடினால், இதை எந்தக் கொம்யூன் நகரசபையில் முறையிடுவது என்று கேட்பார். பெரியம்மாவின் மகன் காலை ஏழு மணிக்கு வந்து கேற்றைத் தட்டினால், "போன் எடுத்துப்போட்டு வரக்கூடாதோ?" என்று முணுமுணுப்பார். வந்தவர் சும்மா வருவதில்லை. மகளுக்குக் கணினி வகுப்பு. அவருக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கம். அதற்குப் பின்னால் வைரவர் கோயில் சுற்றுமதில். கடைசியில் கனடா போக ஏஜென்சிக்குப் பணம் தேடும் ஒரு பெடியன். அவனுக்கு அண்ணை காசு கொடுத்ததோடு நிற்கவில்லை. தனியாகக் கூட்டிக்கொண்டுபோய், பிறந்த திகதியில் மட்டும் கைவைக்க விடாதே என்று புத்தியும் சொன்னார்.

மலிவு விற்பனைத் தாளில் அண்ணை மறந்த இடம் இதுதான். ஹுவாஹினில் இருக்கும் டேனிஷ்காரனுக்கு அங்கே மச்சான் இல்லை, எல்லை வேலிக் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்ட பக்கத்து வளவுக்காரன் இல்லை. ஆகவே அவனுக்கு அந்த நாடு மலிவு. அண்ணைக்கு ஊரில் தேங்காய் மலிவு, மீன் மலிவு, முடிவெட்டு மலிவு. சொந்தம் மட்டும் கொப்பன்ஹேகன் விலை.

இன்னுமொரு சிக்கல். டேனிஷ் பிரசையானபோது இலங்கைக் குடியுரிமையைத் துறந்தவர் அவர். டென்மார்க் இரட்டைக் குடியுரிமையை அனுமதித்தது 2015 செப்டெம்பரில்தான். பிறந்த மண்ணில் இருக்க விசா எடுப்பதா என்று ரோசம் வந்து, கொழும்புக்கு விண்ணப்பம் நிரப்பத் தொடங்கினார். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார். பிறப்புச் சான்றிதழ் 1959 என்கிறது, டேனிஷ் பாஸ்போர்ட் 1963 என்கிறது. பிறந்தவர் ஒருவர், டென்மார்க்குக்கு வந்தவர் இன்னொருவர். இதில் யார் ஊருக்குத் திரும்புவது?

தொழிற்சாலையில் யாராவது பொடி வைத்து, "எப்ப உங்கட நாட்டுக்குப் போகப்போறீர்?" என்று கேட்டால் மட்டும் அண்ணைக்குச் சரித்திரம் வந்துவிடும். "உங்கட ஆக்கள் 1620இல் தரங்கம்பாடிக்கு வந்தவை. கோட்டையும் கட்டி இருநூற்றிருபத்தைஞ்சு வருசம் இருந்தவை. 1845இல் இங்கிலீஷ்காரனுக்கு வித்துப்போட்டுத்தான் வெளிக்கிட்டவை. நான் வந்து நாப்பது வருசம்தான். அவசரப்படுத்தாதை." இதற்குப் பதில் சொன்ன டேனிஷ்காரனை நான் இன்னும் காணவில்லை.

அண்ணையின் மனைவி, எங்கள் அக்கா, இந்த விசயத்தில் அதிகம் பேசுவதில்லை. ஓர்ஹூஸில் மகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபோது ஒரே ஒரு தடவை வாய் திறந்தார்: "இஞ்சேருங்கோ, நீங்கள் போறதெண்டால் போங்கோ. கமராவை இங்கால் பக்கம் திருப்பிவிடுங்கோ, நாங்கள் உங்களைப் பாக்கிறம்."

2031 ஜனவரியில் அண்ணைக்குப் பென்சன் வரும். அதற்குள் குரோன் 60ஐத் தொடும் என்கிறார், தொட்டாலும் தொடும். ஆனால் என் பேச்சைக் கேட்டு எழுதிவையுங்கள்: அன்றைக்கு அவர் எடுக்கப்போவது போய்த் திரும்பும் டிக்கெட்.