தறியும் தத்துவமும்

கே: விசைத்தறி ஓட்டுகிறேன். கீழைத் தத்துவம் கற்றால் மனதுக்குப் பிடித்த வேலையும் செல்வமும் தேடி வரும் என்று ஓர் ஆன்லைன் வகுப்பில் சொல்கிறார்கள். சேரலாமா? - வாசகர், ஆர்.கே.பேட்டை

ப: உங்கள் தொழிலிலேயே ஆள் இருக்கும்போது வெளியே ஏன் தேடுகிறீர்கள்? காசியில் கபீர் நெசவாளி. வள்ளுவரும் மயிலாப்பூரில் தறி நெய்தவர் என்பது கர்ணபரம்பரைக் கதை. இருவரும் தறியை விட்டுவிட்டு ஞானம் தேடப் போகவில்லை.

குறளின் 1330 பாட்டில் 700 பொருட்பால். பணம் சேர்ப்பதற்கே 'பொருள் செயல்வகை' என்று தனி அதிகாரம். விடாமுயற்சிக்கு 'ஆள்வினை உடைமை'. உட்கார்ந்து நினைத்தால் செல்வம் வரும் என்று ஓர் அதிகாரம்கூட இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்!

கீதையா? பலனில் பற்று வைக்காதே என்றது வேலை செய்பவனுக்கு. கூலி பாக்கி வைக்கும் முதலாளிகள் அதைத் தங்கள் வசதிக்காகச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

தவிர, நாலு தறி இரைச்சலில் ஒற்றைப் பாவு இழை அறுந்ததைக் கண்டு, நிறுத்தி, முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட்டுகிறீர்களே, அந்தக் கவனத்துக்குத்தான் ஊரெல்லாம் தியான வகுப்பு நடத்துகிறார்கள். வேலை மாறத்தான் ஆசையா? கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் கூடுதல் சம்பளம் கிடைத்தால் தாராளமாகப் போங்கள். எந்தத் தத்துவமும் தடுக்காது.

வகுப்புக்காரரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: பலனை எதிர்பார்க்காமல், கட்டணத்தை எனக்குச் செல்வம் வந்த பிறகு வாங்கிக்கொள்கிறீர்களா?