மூன்று முறை அமெரிக்கர்

பகத் சிங் என்றதும் நாம் நேரே தூக்குமேடைக்குப் போய்விடுவோம். இவர் வேறு, பகத் சிங் திண்ட். 1913-ல் பஞ்சாபிலிருந்து அமெரிக்கா போய், ஆரிகனில் மர ஆலையில் உழைத்து, 1918-ல் தலைப்பாகையோடு அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர். அந்த டிசம்பர் 9 அன்று சீருடையிலேயே போய்க் குடியுரிமை வாங்கினார். நாலாவது நாள், ‘நீ வெள்ளையன் இல்லையே’ என்று பிடுங்கிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய பாத்திரம்கூட நம்மிடம் ஒரு வாரம் தங்கும்.

சட்டம் 1790-ல் போட்டது. சுதந்திரமான வெள்ளையர் மட்டும் குடியுரிமை கேட்கலாம். 1870-ல் ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்தார்கள். நடுவில் நிற்கிற ஆசியாக்காரனைப் பற்றிப் பேச்சே இல்லை. வெள்ளை என்றால் எந்த வெள்ளை? பெயின்ட் கடை ஷேடு கார்டையாவது சட்டத்தோடு இணைத்திருக்கலாம்.

திண்ட் அசரவில்லை. மறுபடி மனுப் போட்டார். 1920-ல் ஆரிகன் நீதிபதி கொடுத்தும் விட்டார். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. சுப்ரீம் கோர்ட்டில் அவருக்கு முன்னால் நின்றவர் தக்காவோ ஒசாவா என்ற ஜப்பானியர். இருபது வருஷ அமெரிக்க வாசம், பெர்க்லியில் படிப்பு, வீட்டில் ஆங்கிலம், பிள்ளைகளுக்கு அமெரிக்கப் பள்ளி. ‘வெள்ளைதானே வேண்டும்? எங்கள் தோலைப் பாருங்கள்’ என்பது அவர் வாதங்களில் ஒன்று. 1922 நவம்பர் 13 அன்று நீதிபதி ஜார்ஜ் சதர்லேண்ட் தீர்ப்புச் சொன்னார்: தோலின் நிறம் கணக்கில்லை, வெள்ளையர் என்றால் காக்கேசியர்.

அந்தப் பெயரின் பூர்வீகம் தனிக் கூத்து. 18-ம் நூற்றாண்டில் புளூமென்பாக் என்ற ஜெர்மன் பேராசிரியர், காக்கசஸ் பக்கத்து ஜார்ஜியப் பெண்ணொருத்தியின் மண்டை ஓட்டில் சொக்கிப்போய் ஐரோப்பியர் அடங்கிய இனத்துக்கே அந்தப் பெயரைச் சூட்டினார். பெண்ணைப் பார்த்து மயங்கியிருந்தாலாவது புரியும்.

திண்டுக்கோ கொண்டாட்டம். அன்றைய இனவியல் நூல்கள் வட இந்தியரையும் காக்கேசியரில்தான் சேர்த்திருந்தன. போதாததற்கு அவர் தரப்பில் இன்னொரு சரக்கையும் இறக்கினார்கள்: இவர் உயர்சாதி ஆரியர், உங்கள் ஊரில் வெள்ளையர் கறுப்பரோடு சம்பந்தம் வைத்துக்கொள்வதில்லையே, எங்கள் ஊரில் உயர்சாதிக்காரர் பழங்குடியோடு வைத்துக்கொள்வதில்லை, ஆக, நாமெல்லாம் ஒரே ரகம். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று பெரியவர்கள் பயமுறுத்தியதெல்லாம் வீண். அது பத்திரமாகக் கப்பலேறி சுப்ரீம் கோர்ட் வாசல்வரை போயிருக்கிறது. இத்தனைக்கும் மனிதர் சீக்கியர். அமெரிக்கர்கள் கணக்கில் இந்தியாவிலிருந்து வந்த எல்லோரும் ‘இந்து’.

1923 பிப்ரவரி 19. மூன்றே மாதம்தான் ஆகியிருந்தது, அதே சதர்லேண்ட். இப்போது சொன்னார்: நீங்கள் காக்கேசியராகவே இருந்துவிட்டுப் போங்கள். வெள்ளையர் யார் என்பதைச் சாதாரண மனிதனின் புரிதல்தான் முடிவு செய்யும், விஞ்ஞானிகள் அல்ல. ஒசாவா தோலைக் காட்டியபோது புத்தகத்தைக் கேட்டார்கள். திண்ட் புத்தகத்தைக் காட்டியதும் கண்ணே போதும் என்றுவிட்டார்கள். இந்த சதர்லேண்டே இங்கிலாந்தில் பிறந்து, குழந்தையாக அமெரிக்கா வந்து சேர்ந்தவர்தான். அவரிடம் யாரும் மண்டை ஓட்டு விவரம் கேட்கவில்லை.

தீர்ப்பு கிடைத்த தெம்பில், ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்களையும் அரசு தேடிப் போனது. சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் அவர்களில் ஒருவர். பிரிட்டிஷ் பிரஜை என்பதை உதறிவிட்டு அமெரிக்கரானவர். ஊருக்குப் போய்வர வேண்டுமென்றால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கிக்கொள் என்று அவரிடமே சொன்னார்கள். 1928-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார்.

திண்ட் நகரவில்லை. ஊர் ஊராக ஆன்மிகச் சொற்பொழிவு நிகழ்த்திக்கொண்டு அங்கேயே இருந்தார். குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவர்களில் முதல் உலகப் போரில் பணியாற்றியவர்களுக்கு மட்டும் விலக்குத் தரும் சட்டம் 1935-ல் வந்தது. 1936-ல் நியூயார்க்கில் அவர் மூன்றாம் முறையாக அமெரிக்கரானார். அதைப் பிடுங்க யாரும் வரவில்லை.

மற்ற இந்தியர்களுக்கு வழி திறந்தது 1946-ல்: குடியுரிமை கேட்கலாம், வருஷத்துக்கு 100 பேர் குடியேறவும் செய்யலாம். பிரிவினைக்கு முந்தைய மொத்த இந்தியாவுக்கும் சேர்த்துத்தான் அந்த நூறு. அதில் இடம்பிடிக்க உயர்சாதி என்று நிரூபிக்கத் தேவையிருக்கவில்லை.