வெக்கையாரின் கொங்கு விஜயம்

கொங்கு நாட்டில் குறுக்கே நிற்கும் கழுதையைக்கூட "அக்கட்டால போங்க" என்றுதான் சொல்வார்கள் என வெளியூர்க்காரர்கள் கிண்டலடிப்பதுண்டு. அந்த மரியாதையை நாமும் காப்போம். இந்த ஊர் மாடுகளைத் தலைமுறை தலைமுறையாக வாரிக்கொண்டு போன வெக்கை நோயை வெக்கையார் என்றே அழைப்போம். காய்ச்சலில் தொடங்குவார். வாயைப் புண்ணாக்குவார், மூக்கையும் கண்ணையும் ஒழுக வைப்பார், கடைசியில் பீச்சல். பத்துப் பன்னிரண்டு நாளில் கட்டுத்தரை காலி.

சேரர், சோழர், பாண்டியர், விஜயநகரத்தார், மதுரை நாயக்கர், மைசூர்க்காரர் என்று கொங்கை ஆள வராதவர்களே கிடையாது. வெக்கையார் இவர்களில் யாருக்கும் கப்பம் கட்டியதில்லை. படை போகிற வழியில் கூடவே போவது அவர் உலகெங்கும் கடைப்பிடித்த பழக்கம். பீரங்கியை எருதுதான் இழுக்க வேண்டும், அந்த எருதுக்கு மூக்கு ஒழுகினால் போதும். ஹைதரும் திப்புவும் கும்பினிக்காரனும் பாலக்காட்டுக் கணவாய்க்கும் கோயமுத்தூருக்கும் இடையே மாறி மாறி நடந்த காலத்தில், அவருக்குப் பயணச் செலவே இருந்திருக்காது.

நம் முன்னோர்களின் சுகாதாரத் துறை மாரியம்மனிடம் இருந்தது. உடுமலைப் பக்கம் என்றால் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமாலிடம். தைப் பொங்கலுக்குப் பாலைக் கொண்டுபோய் ஊற்றி, மண்ணில் செய்த மாட்டு உருவாரத்தை வைத்துவிட்டு வருவார்கள். மண் மாட்டைக் கொடுத்து நிஜ மாட்டைக் கேட்கும் இந்தப் பண்டமாற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிரிக்க நினைக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள், லண்டன் வரை போய்வருவோம்.

1865இல் வெக்கையார் பால்டிக் கடலோரத்திலிருந்து கப்பலேறி இங்கிலாந்தில் இறங்கினார். ஜான் காம்ஜி என்ற மாட்டு வைத்தியர் முன்பே எச்சரித்திருந்தார். முன்பே எச்சரித்தவர்களுக்கு எந்த நாட்டிலும் என்ன மரியாதையோ அதுதான் அவருக்கும் கிடைத்தது. மாடுகள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தபோது பாதிரிமார் நாள் குறித்துப் பிரார்த்தனை நடத்தினார்கள். இலங்கையில் தோட்டம் வைத்திருந்து ஊர் திரும்பிய வோர்ம்ஸ் என்ற துரை கைவைத்தியம் ஒன்றைச் சொன்னார்: வெங்காயம், பூண்டு, இஞ்சி, பெருங்காயம். பிரபுக்கள் அதற்குச் சான்றிதழ் கொடுத்தார்கள், பத்திரிகைகள் எழுதின. புளியும் கொத்தமல்லியும் சேர்த்திருந்தால் இங்கிலாந்து மாடுகள் சாவதற்கு முன் ஒழுங்கான ரசமாவது குடித்திருக்கும். கடைசியில் 1866இல் சட்டம் போட்டு, நோய் கண்ட மாட்டைக் கொன்று புதைத்து, சந்தைப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். வெக்கையார் கிளம்பிவிட்டார்.

அதே 1866இல் சென்னை ராஜதானிக்கும் மாட்டு நோய்ச் சட்டம் ஒன்று வந்தது. 1871இல் ஹாலன் என்பவர் தலைமையில் அமைந்த கமிஷன் தடிமனான அறிக்கையும் கொடுத்தது. லண்டன் வைத்தியத்தை இங்கே செய்ய முடியாது என்பதுதான் சிக்கல். அங்கே மாட்டைக் கொன்றால் நோய் போனது. இங்கே கொன்றால் ஆட்சி போகும். 1857 சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு மாட்டுக் கொழுப்பு என்ற பேச்சே துரைமார்களுக்கு ஆகாது.

கொங்குக் குடியானவர் இதற்கிடையில் தனக்கே தெரியாமல் பாதி வேலையை முடித்து வைத்திருந்தார். காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டைப் பார்த்திருப்பீர்கள். கொழுக்கட்டைப் புல் முளைத்த மேய்ச்சல் நிலம், சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே நம் மாடு மட்டும். பக்கத்துக் காட்டு மாட்டோடு மூக்கு உரச வழியில்லை. நோயைத் தள்ளி வைப்பது எப்படி என்று இன்றைக்குக் கல்லூரிகளில் நடத்துகிற பாடத்தின் முதல் பக்கம் இதுதான். ஆனால் வருஷம் முழுக்க வேலிக்குள் பொத்திக் காத்த மாட்டைச் சித்திரையில் குளிப்பாட்டி, கொம்பு சீவி, கண்ணபுரம் தேர்ச் சந்தைக்கு ஓட்டிப்போய், எந்தெந்த ஊரிலிருந்தோ வந்த மாடுகளுக்கு நடுவே கட்டினார் பாருங்கள், அங்கேதான் வெக்கையாருக்கும் கொண்டாட்டம்.

விஞ்ஞானம் தன் பங்குக்கு மலையேறியது. இமயமலைப் பக்கம் முக்தேஸ்வரில் அரசு ஆய்வுக்கூடம் அமைந்தது. காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக் 1897இல் அங்கே வந்தார். செத்த மாட்டின் பித்தநீரை எடுத்து உயிரோடிருக்கும் மாட்டுக்கு ஊசி போடுவது அவருடைய யோசனை. பித்தம் தலைக்கேறிய யோசனை என்று நினைக்காதீர்கள், ஓரளவு பலித்தது. பிறகு 1920களில் எட்வர்ட்ஸ் என்பவர் கிருமியை வெள்ளாட்டின் உடலில் நூற்றுக்கணக்கான முறை மாற்றி மாற்றிச் செலுத்தி அதன் கொட்டத்தை அடக்கினார். அப்படி அடங்கின கிருமியே தடுப்பூசி ஆனது. மாட்டைக் காப்பாற்றிய தெய்வம் எது என்று பட்டியல் போட்டால், நாம் வறுத்துத் தின்கிற வெள்ளாட்டுக்கும் அதில் ஓரிடம் உண்டு.

1954இல் வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. ஐஸ் பெட்டியோடு ஊருக்குள் ஊசிக்காரர் நுழைந்தார். இந்தக் கதையின் நிஜமான கதாநாயகன் அவர்தான், ஒரு சிலைகூடக் கிடையாது.

"ஏனுங்க, ஊசி போடோணும், மாட்டைப் புடிச்சுக் கட்டுங்க."

"வேண்டாமுங்க, பால் வத்திப்போகுமுங்க."

"அந்தக் கிடாரிக்காவது போடலாமுங்களா?"

"அது சினைங்க."

ஊசி போடுகிற அன்றைக்கு ஊரில் உள்ள எல்லா மாடும் சினையாகிவிடும். கிழட்டு மாடு சினை, பல் விழாத கன்று சினை, கொஞ்சம் அசந்தால் வண்டிக்காளையும் சினை. அத்தனை பிரசவத்துக்கும் நடுவே அவர் காபி குடித்து, கெஞ்சி, அடுத்த வாரமும் வந்து போட்டுவிட்டுத்தான் போனார்.

தென்னாட்டில் இன்னொரு குழப்பமும் நடந்தது. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் ஒரு நோய் வரும். வெக்கையார்தான் ஆட்டுக்குள் ஒளிந்திருக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். 1987இல் விழுப்புரம் பக்கத்து அரசூரில் குட்டு உடைந்தது. வந்தவர் வெக்கையார் அல்ல, பங்காளி. பேர் ஆட்டுக்கொல்லி. பிறகு தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகம் அந்தப் பங்காளியை அடக்கத் தடுப்பூசி செய்தது. அதற்கு எடுத்த கிருமிகளில் ஒன்றின் பெயர் கோயமுத்தூர்/97. பம்புசெட்டுக்கும் வெட் கிரைண்டருக்கும் பேர் போன ஊருக்குச் சொந்தமாக ஒரு கிருமியும் இருக்கிறது என்பதை ஏனோ யாரும் போர்டு எழுதி வைக்கவில்லை.

வெக்கையாரின் கடைசி இந்திய முகாம் தமிழ்நாட்டில்தான். 1995, வட ஆற்காடு. நமக்கு மாட்டுத் தடுப்பூசி தயாரிக்கும் இராணிப்பேட்டை நிறுவனமும் அதே மாவட்டத்தில்தான் இருந்தது. போலீஸ் ஸ்டேஷன் திண்ணையில் வந்து படுத்த திருடனை வேறு எந்தக் கதையிலும் நான் பார்த்ததில்லை. 2006இல் இந்தியாவில் வெக்கை இல்லை என்றார்கள், 2011இல் உலகத்திலேயே இல்லை என்றார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் பூமியிலிருந்தே துரத்திய நோய் இது ஒன்றுதான்.

அவர் போனதற்கு அவருடைய ஒரு பலவீனமும் காரணம். அவருக்கு ஒரே முகம்தான். ஒரு நல்ல ஊசி போட்டால் மாடு பல வருஷத்துக்கு, பெரும்பாலும் ஆயுசுக்கே, தாங்கும். வாயையும் குளம்பையும் புண்ணாக்கும் கோமாரி அப்படி ஏமாறுகிற ஆள் இல்லை. இந்தியாவில் மட்டும் ஓ, ஏ, ஏசியா-1 என மூன்று வேஷத்தில் திரிகிறது. ஒரு வேஷத்துக்குப் போட்ட ஊசி இன்னொன்றுக்கு உதவாது, மூன்றுக்கும் சேர்த்துப் போட்டாலும் ஆறு மாதத்தில் மறுபடி போட வேண்டும். மாட்டை அவ்வளவாகக் கொல்லாது, பாலைக் கொல்லும். நாட்டு மாடு மூக்கை நக்கிக்கொண்டு எழுந்துவிடும். பாலுக்காக நாம் கொண்டுவந்த ஜெர்சிக் கலப்பு படுத்தால் கடன் தவணையும் சேர்ந்து படுக்கும். 2013இல் தமிழ்நாட்டில் பரவலாக அதுதான் நடந்தது. வோர்ம்ஸ் துரையின் பூண்டு இங்கே கொஞ்சம் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டது. மிளகு, சீரகம், வெந்தயம், பூண்டு, மஞ்சள், வெல்லம், தேங்காய் சேர்த்து அரைத்து உருட்டி, நாட்டுக் கால்நடை மருத்துவத்தில் கொடுக்கிறார்கள். வாய்ப் புண் ஆறும், மாடு தீனி தின்னும். பக்கத்துக் கட்டுத்தரைக்குப் போகிற கிருமியை அந்த உருண்டை தடுக்காது.

2019 முதல் மத்திய அரசு செலவில் நாடு முழுக்கக் கோமாரி ஊசி. மாட்டுக்கும் அடையாள எண் வந்துவிட்டது, காதில் மஞ்சள் வில்லை, பன்னிரண்டு இலக்கம். எப்போது ஊசி போட்டது என்பது அந்த எண்ணில் ஏறியிருக்கும். செவ்வாய்க்கிழமை பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். வாங்குகிறவர் வாயைப் பிளந்து பல்லை எண்ணுகிறார், முதுகில் சுழி பார்க்கிறார், மடியை அழுத்துகிறார், வாலைத் தூக்குகிறார். தரகர் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசி முடிக்கிறார். மாட்டின் உடம்பில் யார் கையும் படாத இடம் காதுதான்.