ஒரு கட்டுரைக்குப் பத்து மதிப்பெண்

பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் ஒரு விலைப்பட்டியல் வெளியிட்டது. கல்லூரி ஆசிரியர்களுக்கான ஆய்வு மதிப்பெண் அட்டவணை என்பது அதன் முறையான பெயர். மொழிப்பாட ஆசிரியர் ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினால் 10 மதிப்பெண். அழைப்பின் பேரில் வெளிநாட்டுக்குப் போய்ப் பேசினால் 7. உள்நாட்டில் நடக்கும் சர்வதேசக் கருத்தரங்கு என்றால் 5. தேசியக் கருத்தரங்குக்கு 3, மாநில அளவுக்கு 2. கேரளத்து ஆதிவாசிப் பகுதியான அட்டப்பாடியில் ஓர் ஊருக்கு நடந்துபோய், படிப்பை விட்டு நின்றுவிட்ட பிள்ளையின் பாட்டியோடு உட்கார்ந்து பேசினால் எவ்வளவு? அப்படி ஒரு வரியே அட்டவணையில் இல்லை.

இந்த அட்டவணையைக் கரைத்துக் குடித்தவர் நம் ஆங்கிலப் பேராசிரியர். பெயர் வேண்டாம். எந்த ஆங்கிலத் துறைக்குள் நுழைந்தாலும் ஏதாவதொரு நாற்காலியில் அவர் இருப்பார். முனைவர் பட்டம் வாங்கியது விமர்சனக் கல்வியியலில். பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெயரேதான் குலதெய்வம். ஆசிரியரும் மாணவரும் சமம் என்பது அவருடைய ஆய்வேட்டின் மூன்றாம் இயல். அவர் வகுப்புக்குள் வரும்போது எழுந்து நிற்காதவனுடைய இன்டர்னல் மார்க்கில் கை வைப்பது அந்த இயலுக்கான செய்முறைப் பயிற்சி. கல்வி என்றால் விடுதலை என்று மேடையில் முழங்குவார். ராகி அறுப்புக்கு வீட்டில் நின்றுவிட்ட ஆதிவாசிப் பெண்ணுக்கு அட்டெண்டன்ஸ் குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார். விடுதலைக்கும் ஒரு விதிமுறை வேண்டாமா?

கேரள பி.எஸ்.சி. தேர்வு எழுதித் தேறியவருக்கு அட்டப்பாடியில் போஸ்டிங். ஒடுக்கப்பட்டோரைப் புத்தகம் புத்தகமாகத் தேடிப் படித்தவரை, அவர்கள் குடியிருக்கும் இடத்துக்கே அரசாங்கம் சம்பளம் கொடுத்து அனுப்புகிறது. ஆனந்தக் கூத்தாட வேண்டிய செய்தி அல்லவா? மண்ணார்க்காட்டிலிருந்து சுரம் ஏறி, முக்காலி தாண்டி, அகளியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் விசாரித்த முதல் விஷயம், மாறுதலுக்கு எப்போது மனுப் போடலாம் என்பது. மாறுதல் வரும்வரை சும்மா இருக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளோடு நாலு போட்டோ எடுத்துக்கொண்டார். அந்தப் பிள்ளைகள் இன்றும் கருத்தரங்கு கருத்தரங்காகப் பவர்பாயின்டில் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பெயர் அவருக்குத் தெரியாது. போட்டோவுக்குக் கீழே ‘விளிம்புநிலை மாணவர்கள்’ என்று போட்டிருக்கிறார்.

குலதெய்வத்தின் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1963-இல் பிரேசிலின் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் ஃப்ரெயரேயின் குழு சுமார் 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தது. அன்றைய பிரேசிலில் எழுத்தறியாதவனுக்கு ஓட்டு கிடையாது. ஃப்ரெயரேயின் முறை நெடுங்கணக்கில் தொடங்காது. செங்கல் மாதிரி, உழைப்பவன் கையில் தினமும் புழங்கும் பொருளிலிருந்து தொடங்கும். செங்கல் நீ சுமந்தாய், வீடு யாருடையது என்ற கேள்வி எழுத்தோடு ஒட்டிக்கொண்டே வரும். மறு ஆண்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அவரையும் பிடித்தது. 70 நாள் சிறை, அதன்பின் பதினைந்து ஆண்டுக்கு மேல் நாடு கடந்த வாழ்க்கை. ‘ஒடுக்கப்பட்டோரின் கல்வியியல்’ அப்படிச் சிலியில் தஞ்சம் புகுந்திருந்தபோது எழுதிய புத்தகம். அதே புத்தகத்தை வைத்து நம்மவர் இணைப் பேராசிரியர் ஆகிவிட்டார். ஒருவரை ஜெயிலுக்கு அனுப்பிய வேலை இன்னொருவருக்குச் சம்பள உயர்வு வாங்கித் தருகிறது என்றால், இரண்டும் ஒரே வேலையாக இருக்க வாய்ப்பில்லை.

அகளிப் பக்கத்துப் பள்ளிக்கு வருவோம். இருளர் பிள்ளை வீட்டில் பேசுவது இருளமொழி. முடுகருக்கும் குறும்பருக்கும் அவரவர் பேச்சு. பள்ளியில் பாடம் மலையாளத்தில், சில இடங்களில் தமிழில். அது பிடிபடுவதற்குள் ஆங்கிலம் வந்து நிற்கிறது. பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. ‘இதுக்குப் படிப்பு ஏறாது’ என்று தீர்ப்பாகிறது. செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் 1973-லேயே இருளமொழியைப் பற்றித் தனிநூல் வெளியிட்டார். ஐரோப்பாவிலிருந்து வந்தவர் காதில் விழுந்த மொழி, பள்ளிக்குப் பக்கத்து குவார்ட்டர்ஸில் இருப்பவர் காதில் விழவில்லை. ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் இருளமொழியில் பாடியதற்காக அட்டப்பாடி நஞ்சியம்மா 2022-இல் தேசிய விருது பெற்றார். இருளமொழியில் பாடிக் குடியரசுத் தலைவர் கையால் விருது வாங்கலாம், முதல் வகுப்பில் ஒன்றுக்குப் போகணும் என்று கேட்கத்தான் முடியாது.

அரசுக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. 2017-இல் வயநாட்டில் ‘கோத்ரபந்து’ என்ற பெயரில் ஆதிவாசி இளைஞர்களையே வழிகாட்டி ஆசிரியர்களாகப் பள்ளிகளுக்கு அனுப்பியது. திட்டம் பிறகு அட்டப்பாடிக்கும் வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் பிள்ளை பேசுவது புரிகிறவருக்குத் தற்காலிக வேலை. புரியாதவருக்கு நிரந்தர வேலை, வருடம் தவறாமல் இன்கிரிமென்ட்.

ஃப்ரெயரே அகளிக்கு வந்திருந்தால் செங்கல்லைக் கீழே வைத்துவிட்டு நிலத்தை எடுத்திருப்பார். 1951-இல் அட்டப்பாடி மக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஆதிவாசிகள். 2011 கணக்கெடுப்பில் பாதிக்கும் கீழே. ஒரு பக்கம் திருவிதாங்கூரிலிருந்து குடியேற வந்தார்கள், இன்னொரு பக்கம் கோவையிலிருந்து நம்மவர்கள் போனார்கள். ராகியும் சாமையும் துவரையும் விளைந்த மண் கைமாறியது. பறிபோன நிலத்தை மீட்டுக் கொடுக்க 1975-இல் கேரளம் சட்டம் போட்டது. அதற்கு விதிகள் எழுதி முடிக்க 1986 ஆனது. 1999-இல் வேறொரு சட்டம் கொண்டுவந்து பழையதை ஒதுக்கி வைத்தார்கள். இதைக் கணக்கு வகுப்பில் கழித்தலாக நடத்தலாம், ஆங்கில வகுப்பில் உரையாடலாக எழுதச் சொல்லலாம். ‘என் பொழுதுபோக்கு’ என்று ஐந்து வரி எழுதச் சொன்னால் வம்பில்லை.

கேள்வி கேட்கக் கற்றுக்கொடுப்பதில் கேரளம் முன்னோடி என்பார்கள். 2007 கலைத்திட்டச் சட்டகத்தில் விமர்சனக் கல்வியியல் என்று எழுத்திலேயே இருக்கிறது. மறு ஆண்டு ஏழாம் வகுப்புச் சமூக அறிவியலில் ‘மதமில்லாத ஜீவன்’ என்றொரு பாடம் வந்தது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வந்த பெற்றோர், மதம் என்ற இடத்தில் மதம் இல்லை என்று எழுதச் சொல்கிறார்கள். அவ்வளவுதான் பாடம். பாடத்தை எதிர்த்தவர்கள் புத்தகங்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். 2008 ஜூலையில், ஆசிரியர் பயிற்சிக் கூட்டத்தை எதிர்த்து மலப்புறம் மாவட்டத்தில் நடந்த போராட்டத்தில் தலைமையாசிரியர் ஜேம்ஸ் அகஸ்டின் தாக்கப்பட்டு இறந்தார். அரசு குழு போட்டு, பாடத்தைத் திருத்திக்கொண்டது. நம் பேராசிரியர் அதைப் பற்றிப் பின்னாளில் ஒரு கட்டுரை எழுதினார். 10 மதிப்பெண்.

2023 ஜூனில் அட்டப்பாடி அரசுக் கல்லூரியில் மலையாளத்துக்குக் கௌரவ விரிவுரையாளர் நேர்காணல். எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் பாடம் நடத்தியதாக ஒருவர் போலி அனுபவச் சான்றிதழ் காட்டினார் என்பது வழக்கு. அகளி போலீஸ் விசாரித்தது. தீர்ப்பு எப்படியும் வரட்டும். மலை மேல் கல்லூரிதானே, எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்வார்கள் என்று யாரும் நினைத்திருந்தால், அந்த நினைப்பில் மண் விழுந்தது. சான்றிதழில் சந்தேகப்பட்டு மகாராஜாஸுக்கே கேட்டு விசாரித்தவர்கள் அட்டப்பாடிக் கல்லூரிக்காரர்கள். அந்த ஆண்டின் உருப்படியான விமர்சன வாசிப்பு அதுதான். அட்டவணையில் அதற்கும் மதிப்பெண் இல்லை.

1991 ஏப்ரலில் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்துக்கொண்ட மாநிலம் இது. 2018 பிப்ரவரி 22 அன்று அந்த மாநிலத்தின் முக்காலியில், காட்டுக்குள் இருந்த மது என்ற ஆதிவாசி இளைஞரைப் பிடித்துக் கட்டி இழுத்துவந்து, அரிசி திருடினான் என்று அடித்தார்கள். கட்டி வைத்த மனிதனைப் பக்கத்தில் வைத்து செல்ஃபி எடுத்தார்கள். மது செத்துப்போனார். சாட்சிகளில் பலர் கோர்ட்டில் பிறழ்ந்தார்கள். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் 16 பேரில் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. போனில் படம் எடுத்துப் பரப்பத் தெரிந்த கூட்டத்தை எழுத்தறியாக் கூட்டம் என்று எவனும் சொல்ல முடியாது. விழிப்புணர்வு வகுப்பெடுக்க ஊர் ஊராக ஏறுகிறவர்களே, முதலில் அந்தக் கடைவீதியில் ஒரு வகுப்பு எடுங்கள்.

மலையாளிகளைப் பார்த்துச் சிரிக்கிற தமிழருக்கும் ஒரு வார்த்தை. ஆனைக்கட்டியில் எல்லையைத் தாண்டினால் நம் பக்கமும் இருளர்கள்தான். தாம் இருளர் என்று நிரூபிக்க ஒரு சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் நாள் கணக்காக நிற்கிறவர்கள் தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள். கோவை ஏசி அரங்குகளில் ஃப்ரெயரேவுக்கு நாமும் மாலை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

பேராசிரியரே, சம்பளக் கமிஷனுக்காக உங்கள் சங்கம் செய்யும் வேலைநிறுத்தத்தில் ஒரே ஒரு நாளை அட்டப்பாடிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். இருளமொழியும் முடுகர் மொழியும் குறும்பர் மொழியும் பேசும் ஆசிரியர்களை முதல் மூன்று வகுப்புகளுக்கு நிரந்தரமாகப் போடு என்று கேளுங்கள். மாறுதல் மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டு, பவர்பாயின்டில் இருக்கும் பிள்ளைகளின் பெயரைப் போய்க் கேட்டுக்கொண்டு வாருங்கள். முடியாது என்றால் ஷேக்ஸ்பியரை நடத்துங்கள், யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஒடுக்கப்பட்டோர் பெயரைச் சொல்லிச் சம்பாதிப்பதை மட்டும் நிறுத்துங்கள்.