நரிக்குப் பயந்த மூணு ஏக்கரா

மூலனூர்ப் பக்கம் மூணு ஏக்கரா கிரயம் பண்ணி, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கோயமுத்தூர்ல இருந்து காரோட வந்து இறங்கற தம்பி, நரி ஊளையிட்டு ராத்திரித் தூக்கம் போச்சுன்னு கேள்விப்பட்டனுங்க. பாவம். ஆம்புலன்சுக்கும் லாரி ஹாரனுக்கும் நிம்மதியாத் தூங்கிப் பழகின காதுக்கு நரி சத்தம் சேராதுதான்.

இருபது நரி இருக்கும்னு சொன்னீங்களாமா. ரெண்டுதானுங்க. ஆணொண்ணு, பொட்டையொண்ணு. பொழுது சாஞ்சதும் ஒண்ணு ஆரம்பிக்கும், இன்னொண்ணு எடுத்துக் குடுக்கும், ரெண்டும் சேர்ந்து குரலை ஏத்தி இறக்கினா ஒரு கூட்டமே வந்து நிக்கறாப்பல இருக்கும். ஒவ்வொண்ணும் எட்டுப் பத்துக் கிலோ உடம்பு, அவ்வளவுதான். உங்க லேப்ரடாரு டைகரு அதைப்போல மூணு பங்கு இருப்பான். அவன் ஏசி ரூமை உட்டு வெளிய வரமாட்டேங்கறானாம். அதுக்கு நரி என்னுங்க பண்ணும்?

நீங்க வாங்கறதுக்கு முந்தி அந்தக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தைச் சுத்திக் கிளுவை வேலி இருந்துச்சு. எங்க அப்பாரு காலத்து வேலி. அதையொட்டி ரெண்டு வேலிக்கு நடுவுல போற இட்டேரித் தடம். வேலியடியில கீரி, உடும்பு, முயல், காடை, கவுதாரி, நரின்னு அத்தனையும் வாடகை குடுக்காமக் குடியிருந்துச்சு. நீங்க ஜேசிபியை உட்டு வழிச்சுப் போட்டுக் கம்பி வேலி கட்டுனீங்க. பார்க்கச் சுத்தமா இருக்குதுங்க. டைல்ஸ் ஒட்டறது ஒண்ணுதான் பாக்கி. நீங்க மட்டும்னு சொல்லலை, உங்களுக்கு முந்தியே எங்க ஆளுகளும் பாதி இட்டேரியைத் தோட்டத்தோட சேர்த்து உழுதுட்டாங்க.

நரி குறைஞ்சுது. அப்புறம் வந்துது பாருங்க மயிலு! கடலைக்காயைக் கொத்துது, மக்காச்சோளத்தைக் கொத்துது, தக்காளியில ஒரு கொத்துக் கொத்திட்டுப் பிடிக்கலைன்னு அடுத்த பழத்துக்குப் போவுது. 1963-ல தேசியப் பறவைன்னு பட்டம் குடுத்துட்டாங்க, 1972-ஆம் வருசத்து வனவிலங்குச் சட்டம் வேற காவலுக்கு நிக்குது. கல்லெடுத்து எறிஞ்சா வனத்துறையில ஒரு கேசு, பழனியில ஒரு கேசு. ஆனா மயிலு தரையில முட்டை வெக்கிற சாதி. நாலஞ்சு முட்டை, நாலு வாரம் அடை. அதுக்குள்ளார நரி ஒருக்காலு அந்தப் பக்கம் மோந்துட்டுப் போனாப் போதும், கணக்கு நேராயிரும். மயிலு பெருத்ததுக்கு நரி குறைஞ்சது ஒண்ணேதான் காரணம்னு நான் சாதிக்க மாட்டேன். வருசம் முச்சூடும் தண்ணியும் தீனியும் கெடைச்சா எதுதான் பெருக்காது? ஆனாலும் யார்கிட்டயும் பர்மிசன் கேக்காம மயில் முட்டையைத் தின்கிற தைரியம் நரி, கீரி மாதிரி ஆளுகளுக்குத்தானுங்க இருக்குது. அதுல ஒரு ஆளைத்தான் நீங்க போலீசுல புடிச்சுக் குடுக்கப் பார்க்கறீங்க.

நரி எலியைத் தின்கும், நண்டைத் தின்கும், வெட்டுக்கிளியைத் தின்கும், உதிர்ந்த எலந்தப்பழத்தைக்கூடப் பொறுக்கும். கரும்பையும் தர்பூசணியையும் கடிச்சு வெக்கும், இல்லைன்னு சொல்லலை. கூலி வேண்டாமுங்களா?

கோழி கதைக்கு வர்றேன். இருபது நாட்டுக்கோழியை வேப்பமரத்தடியில உட்டுட்டுக் கேமரா மாட்டி வெச்சீங்களாமா. நரி வந்ததும் கோழி போனதும் தெளிவா ரெக்கார்டு ஆயிருக்குதாமா. சந்தோசமுங்க. எங்க ஆத்தாகிட்டக் கேமரா இல்லை. பொழுதோட கோழியைக் கொடாப்புல போட்டு மூடி, மேல ஒரு கல்லை வெச்சுட்டுப் படுத்துக்கும். கோழியும் இருந்துச்சு, நரியும் இருந்துச்சு. நீங்க கூண்டே கட்டறதா இருந்தாக் கம்பி வலையை ஒரு முழம் மண்ணுக்குள்ள இறக்குங்க, நரி தோண்டும். ஞாயித்துக்கிழமை விருந்து முடிஞ்சு எலும்பை வேலியோரம் கொட்டறதையும் நிறுத்துங்க. நரிக்குப் பெரியதனம் குடுத்தாக் கிடைக்கு ரெண்டு ஆடு கேக்கும்பாங்க. நீங்க பெரியதனத்தோட பிரியாணியும் சேர்த்தல்ல குடுக்கறீங்க!

ஆடு செத்தா ஆளாளுக்கு நரி நரின்னு கத்தறாங்க. காங்கயம், வெள்ளக்கோயில் பக்கமெல்லாம் பட்டி பட்டியாப் பூந்து கடிச்சது தெருநாயிங்க. சனங்க செத்த ஆட்டைத் தூக்கிட்டு வந்து ரோட்டுல உட்கார்ந்து இழப்பீடு கேட்டாங்களே, பேப்பர்ல பார்த்திருப்பீங்க. நாம அசந்தா நரி ஒரு இளங்குட்டியைத் தூக்கும். நாயிக் கூட்டம் ஒரே ராத்திரியில பட்டியையே கடிச்சுப் போட்டுட்டுத் தின்னாமப் போகும். அதுகளைக் கொழுக்க வெக்கிறது யாருங்க? பிராய்லர்ப் பண்ணையில செத்த கோழியைக் குழி தோண்டிப் புதைக்க முடியாம, இருட்டுனதும் இட்டேரியில வீசிட்டுப் போற புண்ணியவான்தான்.

இன்னொரு சங்கதி. கறிக்குள்ள அவுட்டுக்காய் வெடி வெச்சா நரி கிட்டவே வராதுன்னு எவனாச்சும் யோசனை சொல்வான். வாயி கிழிஞ்சு சாகும் அது. அப்புறம் நீங்க ஜாமீனுக்கு அலையணும், நரியும் அதே சட்டத்துல இருக்குதுங்க. வீட்டு லைன்ல இருந்து வேலிக்குக் கரண்டு இழுத்தா நரிக்கு முன்னால பால்காரன்தான் தொடுவான். சேலத்துல வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்கு நரியைப் புடிச்சு வாயைக் கட்டி ஊர்வலம் உட்டவங்களே வனத்துறைக்கு அபராதம் கட்டியிருக்காங்க. நரி மொகத்துல முழிச்சா யோகம்னு நம்பித்தான் அந்தப் பாடு. உங்களுக்கு அந்த யோகம் கேமராவுலயே வருது, பைசாச் செலவில்லை. நரிக்கொம்புன்னு எவனாச்சும் கொண்டாந்தா மட்டும் வாங்கிப் போடாதீங்க. நரிக்கு ஏதுங்க கொம்பு?

அமெரிக்காவுலயும் நம்ம நரிக்குப் பங்காளி ஒண்ணு இருக்குதாம், கயோட்டின்னு பேரு. மருமவன் பையன் டெக்சாசுல இருந்து போன்ல சொன்னான். நூறு வருசத்துக்கு மேல சுட்டுப் பார்த்தாங்களாம், பொறி வெச்சாங்களாம், விசம் வெச்சாங்களாம், விமானத்துல ஏறிக்கூடச் சுட்டாங்களாம். மேக்கால கெடந்தது இப்பச் சிகாகோவுலயும் நியூயார்க்குலயும் நடுவூருக்குள்ள நடமாடுதாம். அத்தனை துப்பாக்கி வெச்சிருக்கறவனாலயே ஆவலை. நீங்க ஒரு டார்ச்சு லைட்டை வெச்சுக்கிட்டு என்னுங்க பண்ணப் போறீங்க?

ஒண்ணுக்கு மட்டும் பயப்படுங்க. பட்டப்பகல்ல தள்ளாடிக்கிட்டு, ஆளைக் கண்டு ஒதுங்காம நேரா வர்ற நரிக்கு வெறி புடிச்சிருக்கலாம். போட்டோ எடுக்காம உள்ள போயிக் கதவைச் சாத்துங்க. கடிச்சாலும் கீறினாலும் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் தண்ணியில கழுவிட்டு அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க, மஞ்சள் பத்து வேண்டாம். டைகருக்கும் வருசந்தவறாம வெறிநாய் ஊசி போடுங்க.

அந்தக் காலத்துல சிவபெருமான் நரியைக் குதிரையாக்கிப் பாண்டியன் லாயத்துல கட்டினாரு, ராத்திரியில அது பழையபடி நரியாயிருச்சு. உங்களுக்கு நிலம் முடிச்சுக் குடுத்த புரோக்கரும் பகல்லதானுங்க கூட்டிட்டு வந்து காட்டுனாரு?

கிளுவைப் போத்து என் தோட்டத்துல வேணுங்கற மட்டும் இருக்குது. மழைக்கு முந்தி வந்து வெட்டிட்டுப் போயிக் கம்பியோரமா நட்டு உடுங்க. காசெல்லாம் வேண்டாமுங்க. வர்றப்ப மிச்சமிருக்கற கோழியில ரெண்டைப் புடிச்சுட்டு வாங்க, எப்படியும் நரிக்குப் போறதுதானே.